பெயர் கூப்பிடும் வரிசை

ஜோலீனின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது லோர்னா வீபின் கண்ணில் அந்த வண்டி மறுபடியும் பட்டது. சாம்பல் நிறப் பிக்கப். எதிர்ப்பக்கம் மூடிக்கிடக்கும் டயர் கடைக்கு முன்னால், எஞ்சினை அணைக்காமல் நின்றது. முன்விளக்குகளில் ஒன்று மட்டும் மங்கல். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொப்பி தெரிந்தது, முகம் தெரியவில்லை. லோர்னாவின் கையிலிருந்த தூரிகை ஜோலீனின் காதில் ஒரு கோடு போட்டுவிட்டது.

"ஏய், காதுக்கும் சேத்துப் பூசுறியா? அதுக்குத் தனியாக் காசு கேப்பியோ?" என்றாள் ஜோலீன்.

லோர்னா சிரித்துவைத்தாள். துணியால் காதைத் துடைத்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

கான்சஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே நாலு தெருவாகக் கிடக்கிற அந்த ஊரில் ஆளைப் பார்த்து ஆளை அடையாளம் காண்கிற வழக்கமே கிடையாது. வண்டியைப் பார்த்துத்தான். பச்சை ஃபோர்டு என்றால் பால் பண்ணைக்காரர். கதவு நசுங்கிய வெள்ளை வண்டி என்றால் பாதிரியாரின் தம்பி. எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான் வணக்கம். நேரில் பார்த்தால் பேர் மறந்துபோகிற ஆளுக்குக்கூட ரோட்டில் விரல் தானாக எழும்பும். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாக்கப்பட்டு, வீட்டின் முன்னறையை முடி திருத்தும் கடையாக்கி உட்கார்ந்திருக்கிற லோர்னாவுக்குத் தெரியாத வண்டி ஒன்று ஒரு வாரமாக அங்கே வந்து நிற்கிறது. எண் தகட்டின் மூலையில் மாவட்டத்தைக் காட்டும் இரண்டெழுத்தையும் அவள் பார்த்துவிட்டாள். விச்சிட்டா பக்கத்து வண்டி. அங்கிருந்து ஒருத்தன் இத்தனை தூரம் வந்து ஒரு செத்த டயர் கடையை எதற்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

"திங்கக்கிழமை ஸ்கூல் கமிட்டிக் கூட்டத்துல என்ன பண்ணப் போற?" ஜோலீன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "அந்த வாத்தியானுக்குச் சீட்டக் கிழிச்சிருவீங்கல்ல?"

"கூட்டத்துல பாத்துக்கலாம்."

"அடியே, என்கிட்டயேவா? எங்க அக்கா பையன் வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'நம்ம ஆளத்தான் நான் குற்றவாளின்னு சொல்லிட்டேன்'னு அழுவுறான். பதினாறு வயசுக் கடா, அழுவுறான்! அவங்கப்பன் துப்பாக்கிய எடுக்காத குறைதான்." பிறகு ஜோலீன் தானாகவே வேறு பேச்சுக்குத் தாவினாள். நிக்கல் வீட்டுக் கல்யாணம், பனி தாமதமாக விழுந்ததால் பயிருக்கு வந்த கேடு, வெர்ல் கோர்ட்சன் தானியக் கிடங்குப் பக்கம் மானை இடித்து வண்டியின் முன்பக்கத்தை அப்பளமாக்கிக்கொண்டது. லோர்னா ம்ம், ம்ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் காதில் இருந்தது வேறு ஒரு குரல்.

அந்தக் குரல் போன வாரம் கடைத் தொலைபேசியில் வந்தது. ஆண் குரல், கொஞ்சம் கரகரப்பு, ரொம்ப மரியாதை. "லோர்னாம்மாதானே? உங்க பொண்ணு சாயங்காலம் பஸ்ஸ விட்டு மூலையில தனியா இறங்குறா. அங்கேர்ந்து வீடு வரைக்கும் ஒரு ஈ காக்கா கிடையாது. அதான் சொன்னேன். ஓட்டுப் போடுறப்ப நல்லா யோசிச்சுப் போடுங்க." வைத்துவிட்டான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. திட்டியிருந்தால் அவளும் நாலு திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இந்த மரியாதையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளே அந்தச் சாம்பல் வண்டி வந்து நின்றது. இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கணவன் டுவெய்ன் லாரி ஓட்டுகிறவன், அப்போது எங்கோ ஐடஹோவில் இருந்தான். "ஷெரீஃப்கிட்ட சொல்லு" என்றான். சொன்னாள். ஷெரீஃப் அலுவலகத்துப் பையன் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரோட்டுல வண்டி நிக்கிறது குத்தமில்லையேம்மா" என்றான். அவன் வந்த நேரம் வண்டி அங்கே இல்லை. அவன் போய் அரைமணியில் வந்தது. லோர்னா கதவைப் பூட்டி, முன்னறை விளக்கை அணைத்து, மகளைப் பின்பக்கச் சமையலறையிலேயே இருக்கச் சொன்னாள்.

இத்தனைக்கும் காரணம் வரலாற்று வாத்தியார் ஹாரிஸ் பென்னர் நடத்திய ஒரு பாடம். அதிபர்களைப் பதவியிலிருந்து நீக்க நடந்த விசாரணைகளை ஒப்பிடுகிற பாடம். எல்லா வருஷமும் நடப்பதுதான். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில் ஜான்சன், நூறு வருஷம் கழித்து ஓட்டெடுப்புக்கு முன்பே கிளம்பிப்போன நிக்சன், பிறகு கிளின்டன், பிறகு இரண்டு தடவை டிரம்ப். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். இந்த வருஷம் அவருக்கு என்ன தோன்றியதோ, பேரை எல்லாம் மறைத்துவிட்டார்.

லோர்னாவின் மகள் கெண்ட்ரா அந்த வகுப்பில்தான் இருந்தாள். நடந்த அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "அஞ்சு தாள் குடுத்தாரும்மா. பேர் கிடையாது, கட்சி கிடையாது, வருஷம் கிடையாது. குத்தச்சாட்டு, அதுக்கு அந்த ஆளு சொன்ன பதில். அவ்வளவுதான். நாங்கதான் செனட். பேரு கூப்பிடக் கூப்பிட எந்திரிச்சு நின்னு குற்றவாளி, குற்றவாளி இல்லன்னு சொல்லணும்."

"யாருன்னு கண்டுபிடிச்சிருப்பீங்களே."

"அங்கதான் மாட்டிக்கிட்டோம். எல்லாத்துலயும் ஒரே மாதிரிதாம்மா எழுதியிருக்கு. அதிகாரத்தத் தப்பா பயன்படுத்தினாரு, விசாரணையத் தடுத்தாரு, சபைய மதிக்கல. ஜேக், இது எதிர்க்கட்சி ஆளுன்னு நெனச்சு 'குற்றவாளி'ன்னு கத்தினான். பேரைத் திறந்தா அவங்க வீட்டு வாசல்ல கொடி கட்டியிருக்கிற ஆளு!" கெண்ட்ரா கறியும் கோசும் அடைத்த பீராக் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். "எமிலி அப்படியே தலைகீழ். அவங்கம்மாவுக்கு ஆகவே ஆகாத ஆள இவ விடுதலை பண்ணிட்டா. அப்புறம் சார், பேரைப் பாத்தாச்சு, வேணும்னா மாத்திக்கலாம்னாரு. பாதிக் கிளாஸ் மாத்திருச்சு. ரெண்டு கணக்கையும் போர்டுல எழுதினாரு."

"நீ?"

"நான் மாத்தல."

கெண்ட்ரா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இரு, உனக்கு ஒண்ணு படிக்கிறேன். சொல்லு, குற்றவாளியா இல்லையா?" படித்தாள். லோர்னா கேட்டுவிட்டு, "யாருன்னு முதல்ல சொல்லு. அப்புறம் சொல்றேன்" என்றாள்.

"எல்லாரும் அதையேதாம்மா கேட்டாங்க" என்று கெண்ட்ரா மேசையைத் தட்டிச் சிரித்தாள். லோர்னாவும் சிரித்தாள். அன்றைக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது.

யாரோ ஒரு பிள்ளை அந்தப் போர்டைப் படம் பிடித்து வெளியே போட்டுவிட்டது. அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. எங்கள் ஆளைக் குற்றவாளி ஆக்கிவிட்டான் என்று ஒரு பக்கம். அந்த அயோக்கியனை விடுதலை செய்யவைத்துவிட்டான் என்று இன்னொரு பக்கம். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் பென்னரை விரட்டுவதில் மட்டும் கைகோத்துக்கொண்டது. பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் ராய்ஸ் ஸ்டக்கி, பென்னரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். குழுவில் ஏழு பேர். லோர்னா ஏழாவது ஆள்.

அவள் எப்போதுமே ஏழாவதுதான். அகர வரிசையில் பேர் கூப்பிடுவார்கள். பார்ட்டெல், டிர்க்ஸ், கோர்ட்சன், கேன், நிக்கல், ஸ்டக்கி, வீப். ஆங்கில எழுத்து வரிசைப்படி அவள் பேர் வருவதற்குள் விஷயம் முடிந்துபோயிருக்கும். கூடைப்பந்து மைதானத்துக்குத் தரை போடுவதோ மதியச் சாப்பாட்டு விலையோ, அவள் வாய் திறக்கும்போது அது வெறும் சடங்கு. இது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. குழுவில் இருக்கலாம், ஊருக்கு உழைத்த மாதிரி இருக்கும், எந்தப் பழியும் தலைமேல் விழாது. இந்தத் தடவையும் ராய்ஸ் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இங்க பாரும்மா லோர்னா. பார்ட்டெல், வெர்ல், கேன், நான். நாலு ஆச்சு. நீ எப்படிப் போட்டாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. உன் இஷ்டம்."

அவர் போன பிறகு, துடைப்பத்தால் முடியைக் கூட்டிக்கொண்டே அவள் நினைத்துக்கொண்டாள்: நாலு ஆகிவிட்டது என்றால் நான் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். கெண்ட்ரா முகத்தில் முழிக்கலாம். வாத்தியாரும் நல்ல மனுஷன், அவர் மனைவிக்கு மாதா மாதம் முடி வெட்டிவிடுகிறோம். தோற்கிற பக்கம் நின்றால் யாருக்கும் கோபம் வராது, பாவம் என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தொலைபேசிக்காரனும் விட்டுவிடுவான். விடுவானா? துடைப்பம் அந்தக் கேள்வியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கெண்ட்ரா கேட்காமலேயே மிச்சப் பாடத்தையும் சொன்னாள். அறுபத்தெட்டில் ஜான்சன் தப்பித்தது ஒரே ஓட்டில். அந்த ஓட்டைப் போட்டது ஒரு கான்சஸ்காரர், ராஸ் என்று பேர். தன் கட்சிக்கு எதிராகவே எழுந்து நின்று 'குற்றவாளி இல்லை' என்றார். வகுப்பில் கெண்ட்ராவுக்குக் கிடைத்தது அவருடைய இருக்கை.

"அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?" லோர்னாவுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"ஊருல சேக்கல. பதவி போச்சு. வேற பக்கம் போய்ட்டாரு. சில பேர் அவரு பெரிய மனுஷன்னு சொல்றாங்க, சில பேர் காசு வாங்கிட்டாருன்னு சொல்றாங்க. சார் ரெண்டையும் சொன்னாரு." கெண்ட்ரா கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்ணும்மா. அவர் ஒருத்தர் போடலைன்னா நாங்க போடுவோம்னு இன்னும் சில பேரு தயாரா இருந்தாங்களாம். அவர் போட்டுட்டாரு, அதனால இவங்க வாயத் திறக்கல. கடைசி வரைக்கும் நல்லா இருந்தாங்க."

லோர்னா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் திறக்காத அந்தச் சில பேரை அவளுக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அவர்களும் தனித்தனி வீட்டில் இப்படித்தான் பாத்திரம் கழுவியிருப்பார்கள்.

திங்கட்கிழமை மதியம் சூறாவளிச் சங்கு ஊதியது. வாராவாரம் ஊதிப் பார்ப்பதுதான், பிறந்ததிலிருந்து கேட்கிறாள். இருந்தும் கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. சாயங்காலம் பஸ் நிற்கிற மூலைக்கு அவளே நடந்து போனாள். கெண்ட்ரா இறங்கி, "என்னம்மா, நான் என்ன சின்னப் பாப்பாவா?" என்று முறைத்தாள். திரும்பி வரும்போது சாம்பல் வண்டி டயர் கடைக்கு முன்னால் நின்றது. லோர்னா மகளின் தோளைப் பிடித்து உட்பக்கமாகத் தள்ளிக்கொண்டு, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல், ஒரு தினுசாக வீட்டுக்குள் நுழைந்தாள். வண்டிக் கதவு லேசாகத் திறந்து மறுபடி மூடுகிற சத்தம் கேட்டது. அவள் தாழ்ப்பாள் போட்டாள்.

"நான் கூட்டத்துக்கு வருவேன்" என்றாள் கெண்ட்ரா. வேண்டாம் என்று லோர்னா சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், வீட்டில் தனியாக விட்டுப்போவதை நினைத்துப் பார்த்தாள். "சரி, வா. என் பக்கத்துலயே இரு."

கூட்டம் பள்ளி நூலகத்தில். வழக்கமாக நாலு பேர்கூட வரமாட்டார்கள். அன்றைக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகம். அவள் முடி வெட்டிய தலைகள் பாதி. அந்தத் தலைகளில் ஒன்றிலிருந்துதான் அந்தக் குரல் வந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, இல்லை, அவன் விச்சிட்டாக்காரன், வெளியே வண்டியில் இருக்கிறான் என்று அதைத் தள்ளிவிட்டாள். வரும்போதே பார்த்திருந்தாள். வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், அதே சாம்பல் பிக்கப். இங்கேயும் வந்துவிட்டான்.

பென்னர் முதல் வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ராய்ஸ் கேட்டார்.

பென்னர் எழுந்தார். "பசங்க ஒரு பீரியடு, யாரு கோச்சுக்குவாங்கன்னு யோசிக்காம ஓட்டுப் போட்டாங்க. எனக்கு அதப் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ, "நடிப்புக்குக் குறைச்சல் இல்ல" என்றார்கள். சிரிப்பு.

தீர்மானத்தைப் படித்தார்கள். 'ஆமாம்' என்றால் பென்னருக்கு வேலை இல்லை. 'இல்லை' என்றால் இருக்கிறார். எழுத்தர் பேர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"பார்ட்டெல்."

"ஆமாம்."

"டிர்க்ஸ்."

"இல்லை."

"கோர்ட்சன்."

வெர்ல் கோர்ட்சன் கோதுமைக்காரர், அறுபதைத் தாண்டிய ஆள். நிர்வாகக் குழுவில் ராய்ஸ் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எழுத்தர் இரண்டாம் தடவை கூப்பிட்டாள்.

"இல்லை" என்றார் வெர்ல்.

ராய்ஸ் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் ஒரு முணுமுணுப்பு கிளம்பி அடங்கியது. வெர்லின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அவர் ராய்ஸைப் பார்க்கவில்லை. மேசையின் அந்தக் கோடியிலிருந்து நேராக லோர்னாவைப் பார்த்தார். எதற்கு என்னைப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. ராய்ஸ் எண்ணிய நாலில் ஒன்று குறைந்துவிட்டது.

கேன், ஆமாம். நிக்கல், இல்லை. ஸ்டக்கி, ஆமாம். ஒவ்வொரு பேரும் அவளை நோக்கி ஒரு படி இறங்கி வந்தது. மூன்றுக்கு மூன்று. ஐயோ கடவுளே! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேர் வரும்போது விஷயம் முடிந்திருக்கவில்லை.

"வீப்."

கெண்ட்ரா ஓரத்து நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்க்க முடியாமல் லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கொடிக்கம்பம் தெரிந்தது. அதன் அடியில் சாம்பல் வண்டி தெரிந்தது. பஸ் நிற்கிற மூலை, அங்கிருந்து வீடு வரைக்கும் ஆளில்லாத அந்தத் தெரு, அதில் முதுகுப்பையோடு நடக்கிற இந்தப் பிள்ளை.

"ஆமாம்" என்றாள் லோர்னா.

கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். பென்னர் தலையை ஆட்டிவிட்டு, கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். கெண்ட்ராவின் நாற்காலி காலியாக இருந்தது.

லோர்னா வெளியே ஓடிவந்தபோது, கெண்ட்ரா காரில் உட்கார்ந்திருந்தாள். முன் இருக்கையில் இல்லை, பின்னால். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு. "கெண்ட்ரா" என்று கண்ணாடியைத் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. அப்போது கொடிக்கம்பத்துப் பக்கம் எஞ்சின் உறுமியது. ஒரு விளக்கு வெள்ளையாக, ஒரு விளக்கு மங்கலாக, மெதுவாக இவர்கள் பக்கம் திரும்பி வந்தது.

யோசிக்கவெல்லாம் இல்லை. காருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "கேட்டதத்தான் போட்டுட்டேனே!" என்று கத்தினாள். "இன்னும் என்னடா வேணும்?"

வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியது.

"லோர்னா. நான்தான்" என்றார் வெர்ல் கோர்ட்சன்.

லோர்னா அந்த மங்கல் விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது... உங்க வண்டியா?"

"விச்சிட்டாவுல இருக்கிற மச்சான் வண்டி. என்னது பட்டறையில கிடக்கு, மான் இடிச்சுச்சுல்ல." தொப்பியைச் சரிசெய்தார். "உங்க வீட்டுக்கு எதிர்ல வந்து வந்து நின்னேன். உள்ள வரணும்னுதான். நீ நிப்பியா, நீ நின்னா நானும் நிக்கிறேன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்னு. ராய்ஸ எதுத்துப் பழக்கம் இல்ல பாரு, கால் வரல. இன்னிக்குக் கதவத் திறந்துட்டேன், நீ உள்ள போய்க் கதவச் சாத்திட்ட." கியரைப் போட்டார். "சரி, அந்த வாத்தியார் உன் மவளுக்கும் பாடம் எடுத்தவரு, நீ எப்படியும் நிப்பேன்னு நெனச்சுக்கிட்டேன். பரவால்ல விடு."

கண்ணாடி ஏறியது. போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அப்படியானால் அந்தக் குரல்?

நூலகத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக வண்டிகளில் ஏறினார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பச்சை ஃபோர்டு வந்தது, கதவு நசுங்கிய வெள்ளை வண்டி வந்தது, ராய்ஸின் புது வண்டி வந்தது, உர வண்டி வந்தது. எல்லாம் அவளுக்குத் தெரிந்த வண்டிகள். வெளியூர் வண்டி ஒன்றுகூட இல்லை. விரித்த கையை மடக்கத் தோன்றாமல் காருக்கு முன்னால் அவள் நின்றிருக்க, ஒவ்வொரு வண்டியும் அவளைக் கடக்கும்போது கொஞ்சம் வேகத்தைக் குறைத்தது. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு விரல், மரியாதையாக, ஸ்டியரிங்கை விட்டு எழுந்து தாழ்ந்தது.